காஞ்சித் தறியும் ஸ்ரீபெரும்புதூர் ஆலையும்

(திருப்பருத்திக்குன்றத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெரியவர் தறியில் உட்கார்ந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவர் நினைவில் பேச எடுத்துக்கொண்ட பொருள் பெரியது: மேலை நாடுகளில் பிறந்த இயந்திரத் தொழில் ஏழை நாடுகளுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது. வேகவதிக் கரையில் இருக்கும் சிற்றூரில் இதைப் பேசலாமா என்று கேட்டால், இங்கேதான் பேச வேண்டும் என்பேன். சமணக் காஞ்சி என்று பெயர் பெற்ற ஊர் இது. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் எடுப்பித்த சங்கீத மண்டபம் திரைலோக்கியநாதர் கோயிலில் இன்றும் நிற்கிறது. அந்த மண்டபம் எழுந்த காலத்திலும் அதற்குப் பிறகும் சோழமண்டலக் கரையின் துணி கடல் கடந்து போனது. இன்றைக்கு அதே வட்டாரத்தில் விடியற்காலையில் கம்பெனிப் பஸ்கள் வரிசையாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகின்றன. ஒரே வீட்டில் அப்பா குழித்தறியில் இருக்கிறார், மகள் செல்போன் ஆலையில் இருக்கிறாள். இருநூறு ஆண்டு உலக வரலாறு ஒரே கூரையின் கீழ் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். ஓர் ஊரில் ஆலை வந்து நின்றுவிட்டால் தொழில் வந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஆலையில் வேலை செய்த கை, அந்த இயந்திரத்தைப் பிரிக்கவும் பூட்டவும், பிறகு மாற்றி அமைக்கவும், கடைசியில் தானே ஒன்றைச் செய்யவும் கற்றுக்கொண்ட இடத்தில்தான் தொழில் வேர் பிடித்திருக்கிறது. மற்ற இடங்களில் அது வந்தது, சில காலம் இருந்தது, போய்விட்டது.

முதலில் நாம் இழந்த கதை. பொருளாதார வரலாற்றாசிரியர் பால் பைரோக் கணித்திருக்கிறார்: 1750இல் உலகின் உற்பத்திப் பொருள்களில் ஏறக்குறைய 24.5 விழுக்காடு இந்தியத் துணைக்கண்டத்தில் செய்யப்பட்டது; 1900இல் அது 1.7 விழுக்காடு. மதிப்பீடுதான், ஆனால் சரிவின் அளவை யாரும் மறுக்கவில்லை. 1700லும் 1721லும் இந்திய அச்சுத்துணிக்கு எதிராகச் சட்டம் போட்டுத் தன் நெசவைக் காத்துக்கொண்ட இங்கிலாந்து, இயந்திரம் கைக்கு வந்த பிறகு தடையில்லா வணிகம் பேசியது. லங்காஷயர் நூலும் துணியும் இறங்கின. கையால் நூல் நூற்ற பெண்கள்தான் முதலில் பிழைப்பை இழந்தவர்கள். நெசவாளிகள் இழந்ததை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வீட்டுக்கு வீடு ராட்டை சுற்றிய அந்தப் பெண்களின் இழப்பு போதுமான அளவு பேசப்படவில்லை.

ஆனால் நெசவு சாகவில்லை. தமிழ்நாட்டுத் தறிகள் ஆலை நூலையே வாங்கிப் பாவு ஓட்டின. ஆலை செய்ய முடியாத கரையும் முந்தியும் கொண்ட சேலைகளின் பக்கம் திரும்பின. காஞ்சிபுரம் பருத்தியிலிருந்து மெல்ல மெல்லப் பட்டுக்கு மாறியதும், 20ஆம் நூற்றாண்டில் பட்டுக்கே பெயர் பெற்றதும் இந்தத் திருப்பத்தின் தொடர்ச்சிதான். இன்றைக்கு நாம் தொன்மை என்று கொண்டாடும் காஞ்சிப் பட்டுக்குப் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகை சூரத்திலிருந்து வருகிறது, சாயம் ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது, தறிக்கு மேலே தொங்கி, அட்டைத் துளைக் கணக்கில் பூ விழ வைக்கும் ஜக்கார்டு பெட்டி பிரான்சு நாட்டில் 1804இல் பிறந்தது. ஆகவே நம் தறியைப் பழங்காலத்தின் மிச்சம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அதுவும் தொழில் யுகத்தின் பிள்ளைதான். பங்கு சரியாகக் கிடைக்காத பிள்ளை.

இந்தியாவில் ஆலை இல்லாமல் போகவும் இல்லை. பம்பாயில் கவாஸ்ஜி தாவர் 1854இல் பஞ்சாலைக் கம்பெனி தொடங்கினார். சென்னையில் பின்னி ஆலைகள் 1870களிலும் 80களிலும் எழுந்தன. தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஹார்வி சகோதரர்கள் ஆலை வைத்தார்கள். இயந்திரம் எல்லாம் இங்கிலாந்தின் ஓல்டாமில் இருந்த பிளாட் பிரதர்ஸ் போன்ற கம்பெனிகளிலிருந்து கப்பலில் வந்தது. அதே பிளாட் கம்பெனியின் இயந்திரம் ஜப்பானுக்கும் போனது. ஒரே இயந்திரம், இரண்டு நாடுகள். பிறகு நடந்தது ஏன் வேறு வேறாக இருந்தது? இந்தக் கேள்விதான் என்னை நாற்பது ஆண்டு வகுப்பறையில் விடாமல் துரத்தியது.

ஜப்பான் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது பட்டின் கதை. 1872இல் ஜப்பான் அரசு தொமியோகா என்ற ஊரில் பட்டுநூல் எடுக்கும் மாதிரி ஆலை ஒன்றைக் கட்டியது. பால் புருனா என்ற பிரெஞ்சுக்காரரை அமர்த்தி, பிரெஞ்சு இயந்திரம் வைத்து, 300 தொட்டிகளோடு தொடங்கியது. வேலைக்கு வந்தவர்களில் பலர் சாமுராய்க் குடும்பத்துப் பெண்கள். வாதா ஏய் என்ற பெண் 1873இல் அங்கே போய்ப் பழகினாள். அடுத்த ஆண்டே சொந்த ஊரான மத்சுஷிரோவுக்குத் திரும்பி, அங்கே எழுந்த புதிய ஆலையில் மற்றப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தாள். பின்னாளில் அவள் எழுதிய நினைவுக் குறிப்பு இன்றும் படிக்கப்படுகிறது.

தொமியோகா ஆலை லாபம் கண்ட ஆலை அன்று. பின்னாளில் அரசே அதைத் தனியாருக்கு விற்றுவிட்டது. ஆனால் அங்கே பழகிய பெண்கள் ஊர் ஊராகப் போனார்கள். சுவா பகுதியில் இருந்த சிறு முதலாளிகளுக்கு இரும்பும் செம்பும் வாங்கப் பணம் இல்லை. சட்டத்தை மரத்தில் செய்தார்கள். கூட்டுப்புழுக் கூடு வேகும் தொட்டியை உள்ளூர்க் குயவர் மண்ணில் வனைந்தார்கள். பிரெஞ்சு இயந்திரத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆயிற்று. நூல் அவ்வளவு மெருகாக வரவில்லை என்றாலும் அமெரிக்கச் சந்தைக்குப் போதுமானதாக இருந்தது. 1909 வாக்கில் சீனாவை முந்தி உலகிலேயே அதிகப் பட்டுநூல் ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று ஜப்பான். அந்தப் பணத்தில்தான் அது இரும்பும் இயந்திரமும் கப்பலும் வாங்கியது. அந்த ஆலைகளில் பெண்கள் பட்ட பாடு கொடியது. பன்னிரண்டு மணி, பதினான்கு மணி வேலை, விடுதிக்குள் அடைபட்ட வாழ்வு, காசநோய். அதை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் சொல்வது நேர்மை ஆகாது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து ஜப்பானுக்கும் இறக்குமதி வரியைத் தன் விருப்பப்படி உயர்த்தும் உரிமை இல்லை. மேலை நாடுகள் திணித்த ஒப்பந்தங்கள் கையைக் கட்டியிருந்தன. முழு உரிமை 1911இல்தான் கிடைத்தது. எனவே வரிச்சுவர் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. வரி போட முடியாத அரசும் ஆலை கட்ட முடிந்தது, ஆள் பழக்க முடிந்தது.

நம் பக்கம் அதே முயற்சியைச் செய்து பார்த்த ஒருவர் உண்டு. ஆல்பிரெட் சாட்டர்டன், ஆங்கிலேயர், சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் இருந்தவர். 1890களின் கடைசியில் அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே தொடங்கி வைத்தார். தோலைக் குரோமில் பதனிடும் முறையைக் கொண்டுவந்தார். சேலத்தில் அரசு நெசவுக்கூடம் நடத்தி விசைநாடாத் தறியை நெசவாளரிடம் பரப்பினார். நாடாவைக் கையால் எறிவதற்குப் பதிலாகக் கயிற்றை இழுத்தால் அது தானே ஓடும் தறி அது. 1940களுக்குள் சென்னை மாகாணத்தின் பெரும்பாலான பருத்தித் தறிகள் அதற்கு மாறிவிட்டன. நம் நெசவாளர் புதுமைக்கு எதிரானவர் என்ற பழிக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம். தன் கைக்கும் பைக்கும் எட்டிய புதுமையை அவர் எடுத்துக்கொண்டார்.

1908இல் உதகையில் தொழில் மாநாடு கூடியது, தொழில்துறை என்று தனித்துறை பிறந்தது. சென்னையில் இருந்த ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910இல் லண்டனிலிருந்து இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபுவின் ஆணை வந்தது: தொழில் கல்விக்கு அரசுப் பணத்தைச் செலவிடலாம், அரசே தொழில் நடத்தக் கூடாது. சாட்டர்டன் மைசூர் சமஸ்தானத்துக்குப் போய்விட்டார். தொமியோகாவுக்கும் சேலத்துக்கும் இடையில் இருந்த வேறுபாட்டை நான் அந்த ஓர் ஆணையில் பார்க்கிறேன். திறமை இருந்தது, கற்கும் மனம் இருந்தது, முயன்று பார்க்க ஓர் அதிகாரியும் இருந்தார். தோற்றாலும் பரவாயில்லை என்று பணம் போட நமக்கென்று ஓர் அரசு இல்லை. போதாக்குறைக்கு 1896 முதல் இந்திய ஆலைத் துணிக்கு மூன்றரை விழுக்காடு வரி வேறு. அது 1920களின் நடுப்பகுதி வரை நீங்கவில்லை.

மைசூரில் சுதேச மன்னர் ஆட்சி இருந்ததால் பட்டு அங்கே வேறு வழியில் போனது. 1912இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் சுவிட்சர்லாந்துத் தறிகளை வரவழைத்துப் பட்டு ஆலை வைத்தார்கள். அந்த நிலத்துப் பட்டுதான் இன்றும் நம் தறிக்கு வருகிறது.

ராமநகரம் பட்டுக்கூடு சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், பெங்களூரிலிருந்து அங்கே போகும் வழியில் பிடதி என்ற இடத்தில் டொயோட்டா கார் ஆலை இருக்கிறது. அந்தக் கார் கம்பெனி தறியிலிருந்து பிறந்தது. தச்சரின் மகனான சகிச்சி டொயோடா 1890இல் மரத்தில் ஒரு கைத்தறியைத் திருத்தி அமைத்தார். அதிலிருந்து விசைத்தறி. 1924இல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடாவை மாற்றிக்கொள்ளும் தானியங்கித் தறி. 1929இல் அந்தத் தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுன் கொடுத்து வாங்கியது யார் தெரியுமா? ஓல்டாம் பிளாட் பிரதர்ஸ். அறுபது ஆண்டுக்கு முன் ஜப்பானுக்கு இயந்திரம் விற்கத் தொடங்கிய அதே கம்பெனி. சகிச்சியின் மகன் கீச்சிரோ 1933இல் தறி ஆலைக்குள்ளேயே மோட்டார்ப் பிரிவைத் தொடங்கினார். 1937இல் டொயோட்டா மோட்டார் தனிக் கம்பெனி ஆயிற்று.

இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமூச்சு வருகிறது. அங்கே தறியிலிருந்து காருக்கு ஒரே தலைமுறையில் பாதை போடப்பட்டது. இங்கே தறியும் கார் ஆலையும் ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று பேச்சு இல்லை.

தமிழ்நாட்டில் அந்தப் பாதை போட்ட ஊர் கோயம்புத்தூர். பஞ்சாலை வந்தது, 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது, கிணற்றுக்கு மோட்டார் பம்பு வேண்டியிருந்தது, பட்டறைகள் பெருகின. பஞ்சாலை இயந்திரத்தைப் பழுது பார்த்தவர்கள் 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் மூலமாக அந்த இயந்திரத்தையே செய்யத் தொடங்கினார்கள். காஞ்சியில் அது நிகழவில்லை. பணம் சரக்கிலும் சரிகையிலும் முடங்கியது. திறமை வீட்டுக்குள்ளேயே தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது. அச்சு கட்டுபவரும் விழுது கட்டுபவரும் ஜக்கார்டு அட்டை அடிப்பவரும் நம்மிடையே இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பட்டறையும் ஒரு பயிற்சிப் பள்ளியும் கடனும் கொடுத்து அடுத்த படிக்கு ஏற்ற யாரும் வரவில்லை.

விடுதலைக்குப் பிறகு கைத்தறிக்குக் கிடைத்தது பாதுகாப்பு. அது சும்மா கிடைக்கவும் இல்லை. 1953இல் நெசவாளர் வீடுகளில் அடுப்பு எரியாத நிலையைக் கண்டு, இந்த மண்ணில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவும் அவர் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். கூட்டுறவுச் சங்கங்கள், கோ-ஆப்டெக்ஸ், தள்ளுபடி, 1985இல் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய சட்டம் என்று அந்தப் பாதுகாப்பு வளர்ந்தது. இவை இல்லாவிட்டால் இன்று காஞ்சியில் தறிச்சத்தமே கேட்காது. இதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. என் குறை வேறு. பாதுகாத்தோம், வளர்க்கவில்லை.

கோர்வைச் சேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே இருக்கும் பலருக்கு இது கைப்பழக்கம், வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடா. இரண்டு கரைக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. ஒவ்வொரு இழையிலும் கரை ஊடையும் உடல் ஊடையும் ஒன்றை ஒன்று கோத்துக்கொள்ள வேண்டும். இழை பிசகினால் சேர்மானத்தில் பல் தெரியும். தறியில் உட்கார்ந்த நெசவாளி ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்வார். மறு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? பல பத்தாண்டுகளாக அது ஒரு குழந்தை. முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அடுத்த வீட்டுத் தறியில் உட்கார்த்தப்பட்ட எட்டு வயதுப் பிள்ளை. உலகமே மெச்சிய அந்த அழகுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் இருந்தது. 1990களிலும் அதற்குப் பிறகும் அரசும் தொண்டு நிறுவனங்களும் ஆசிரியர்களும் சேர்ந்து குழந்தைகளைத் தறியிலிருந்து பள்ளிக்கு மீட்டார்கள். நம் ஊர் அடைந்த மிகப் பெரிய முன்னேற்றம் அது என்பேன்.

ஆனால் அந்த இடத்தில் என்ன நடந்தது? பிள்ளை பள்ளிக்குப் போனது, பிறகு ஆலைக்குப் போனது. மனைவிக்கும் இப்போது வேறு வேலை உண்டு. மறுபக்க நாடாவுக்கு ஆள் இல்லை. ஆகவே கோர்வை நெய்வது குறைந்தது, கோர்வை இல்லாத சேலை பெருகியது. ஒரே ஆள் மூன்று நாடாவையும் கையாளும்படி தறியை மாற்றுவது பொறியியல் கணக்கு. அது முப்பது ஆண்டுக்கு முன்பே காஞ்சியின் முதல் கணக்காக இருந்திருக்க வேண்டும். குழந்தையின் கூலி மலிவாக இருந்தவரை அந்தக் கணக்கைப் போட யாருக்கும் அவசரம் வரவில்லை.

இனி ஆலைப் பக்கம் வருவோம். உலக அளவில் தொழில் பரவிய வரிசையைக் கெவின் ஓரூர்க், ஜெஃப்ரி வில்லியம்சன் இருவரும் தொகுத்த நூல் காட்டுகிறது: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் ஓரங்களிலும் லத்தீன் அமெரிக்காவிலும் தொடங்கி, இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் ஆசியாவில் வலுப்பெற்று, 1950க்கும் 1973க்கும் இடையில் உச்சத்தைத் தொட்டது. அந்த உச்சக் காலத்தில்தான் ஆர். வெங்கட்ராமன் மாநிலத் தொழில் அமைச்சராக இருந்தபோது கிண்டியிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. 1971இல் மாநில அரசின் தொழில் வளாக நிறுவனமான சிப்காட் வந்தது. அந்த அடித்தளம் இல்லாவிட்டால் 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையைத் தேடி வந்திருக்காது.

ஹூண்டாயின் சொந்தக் கதையைப் பாருங்கள். 1967இல் தொடங்கிய கம்பெனி. 1968இல் அது செய்த வேலை போர்டு கம்பெனியின் கோர்ட்டினா காரைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது மட்டுமே. 1970களின் நடுவில் போனி என்று சொந்தக் கார். எஞ்சின் மட்டும் ஜப்பானுடையது. 1991இல் சொந்த எஞ்சின். ஏழே ஆண்டு கழித்து 1998இல் நம் மாவட்டத்தில் சான்ட்ரோ காரை இறக்கியது. அதற்குக் கார் பூட்டக் கற்றுக்கொடுத்த போர்டு, மறைமலைநகரில் வைத்த ஆலையை 2022இல் நிறுத்திக்கொண்டது. மாணவன் நிலைத்தான், ஆசிரியர் போய்விட்டார்.

நோக்கியாவை மறக்க முடியுமா? 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் ஏறக்குறைய 8,000 பேர், பெரும்பகுதி பெண்கள், முதல் தலைமுறையாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள். 2014 நவம்பர் 1ஆம் நாள் மூடிவிட்டார்கள். அந்தப் பெண்களுக்கு அங்கே தரப்பட்ட பயிற்சி ஒரு மேசை, ஒரு வேலை, ஒரு நொடிக்கணக்கு. முழுப் போனைத் திறந்து பழுது பார்க்கும் அளவுக்குக் கற்றிருந்தால் வெளியே வந்து கடை வைத்திருப்பார்கள். பலர் வெறுங்கையோடு வந்தார்கள். பின்னாளில் அதே வளாகத்தில் சால்காம்ப் வந்து சார்ஜர் செய்கிறது. பக்கத்தில் பாக்ஸ்கான் ஐபோன் பூட்டுகிறது. வேலை மீண்டும் வந்திருக்கிறது, மகிழ்ச்சி. கற்பது மீண்டும் ஒரு மேசை அளவில் நின்றுவிடக் கூடாது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது, நம் மண்ணிலேயே. ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து மோட்டார் சைக்கிள். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து திருவொற்றியூரில் பாகங்களைப் பூட்டத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் பாகங்களையே இங்கே செய்தார்கள். 1970 வாக்கில் தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மறைந்துவிட்டது. திருவொற்றியூர் நிற்கவில்லை; 1977இல் தன் புல்லட் வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் அதன் ஆலைகள் இருக்கின்றன. வடிவமைப்பு மையம் ஒன்றை இங்கிலாந்தில் வைத்திருக்கிறது. பூட்டக் கற்றவன் செய்யக் கற்றால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

கற்பதற்கு வேலை நிலைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றப்படும் ஒப்பந்தத் தொழிலாளி எதையும் ஆழமாகக் கற்க முடியாது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பிறந்தது பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக, தொழிற்சங்கத் தலைவர்களான வாடியாவும் திரு.வி.க.வும் அதற்கு உழைத்தார்கள். நூறு ஆண்டு கழித்து 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததும் சங்கம் வைக்கும் உரிமைக்காகத்தான். இதைத் தொழில் வளர்ச்சிக்குத் தடை என்று எழுதினார்கள். தங்கி வேலை செய்யும் உரிமையும் குரல் கொடுக்கும் உரிமையும் இருக்கும் தொழிலாளிதான் நாளைக்குப் பட்டறை வைக்கிறான். கோயம்புத்தூரும் அம்பத்தூரும் அப்படித்தான் வளர்ந்தன.

கடைசியாக நம் ஊருக்கு ஒரு வேலை. காஞ்சியில் சில தறிகளில் எலக்ட்ரானிக் ஜக்கார்டு ஏறியிருக்கிறது. அட்டை அடிக்க வேண்டாம், கம்ப்யூட்டரில் வரைந்த பூ நேரே தறிக்கு வருகிறது. அது மக்கர் செய்தால் வெளியூர் மெக்கானிக் வரும்வரை தறி நிற்கிறது என்று நெசவாளர்கள் சொல்கிறார்கள். உள்ளே இருப்பது சர்க்யூட் போர்டு. சர்க்யூட் போர்டைச் சோதித்துப் பார்க்கும் வேலையை ஸ்ரீபெரும்புதூரில் நாள்தோறும் செய்கிற பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்களுக்குத் தறி தெரியும். அட்டை அடிப்பவருக்குப் பூக்கணக்கு தெரியும். பக்கத்துப் பாலிடெக்னிக்கில் லேத் இருக்கிறது. இவர்களை ஒரு கூரையின் கீழ் உட்கார வைக்க ஒரு பட்டறை வேண்டும். தள்ளுபடிக்குச் செலவாகும் பணத்தில் சிறு பங்கு போதும். முதல் ஆண்டு பழுது பார்க்கட்டும். அடுத்து, ஒரே ஆள் நெய்யக்கூடிய கோர்வைத் தறி ஒன்றைச் செய்து பார்க்கட்டும். முதல் தறி சரியாக வராது, இரண்டாவதும் வராமல் போகலாம். சுவாவில் குயவர் வனைந்த மண் தொட்டியும் முதலில் விரிசல் விட்டுத்தான் இருக்கும்.

இதற்கான விண்ணப்பத்தின் வரைவைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். சங்கப் பொறுப்பாளர்கள் இங்கேயே இருக்கிறார்கள். ஆலைக்குப் போகும் தங்கைகள் இரவு ஷிப்டுக்குப் பஸ் ஏறுவதற்குள் அவர்களும் படித்துத் திருத்தம் சொன்னால், நாளைக் காலையிலேயே கைத்தறித் துறை அலுவலகத்தில் கொடுத்துவிடலாம்.